இரவல் படை

மே 2, செவ்வாய்

இன்றிலிருந்து வீட்டுச் சிறை. கால் வீக்கம் வற்றவில்லை, இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. பிரசவம் வரை மருந்துக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நின்று மாத்திரை கொடுத்துப் பழகிய எனக்குப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பது பெரிய தண்டனை.

மாலையில் என் கணவன் ஓபிரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் மடிக்கணினியைத் திறந்து உலகத்தைப் பிடிக்க உட்கார்ந்துவிட்டான். ஒரு குடிசையில் தொடங்கும் அந்த விளையாட்டில், நான் ஃபூஃபூக் களிக்குக் குழம்பு இறக்குவதற்குள் சாம்ராஜ்யமே கட்டிவிடுவான்.

"எனக்கும் கத்துக்குடு" என்றேன்.

"நீ படுத்துத் தூங்கு, பிராகோ. இது மாத்திரை எண்ணிப் போடுற வேலை இல்ல."

புவியியல் வாத்தியார் என்றால் பூமியே அவனுடையது என்று நினைப்பு.

மே 4, வியாழன்

பெயர்ச் சண்டை. மறுபடியும்.

பெண் குழந்தை என்று தெரிந்துவிட்டது. எந்தக் கிழமையில் பிறக்கிறாளோ அந்தக் கிழமைப் பெயர் தானாக வரும், அதில் யாருக்கும் வம்பில்லை. கூட வைக்கிற பெயர்தான் பிரச்சினை. அதை வைக்கும் உரிமை அப்பாவுக்கு. ஓபிரி மனதில் வைத்திருப்பது கொனாமா. யார் இந்தக் கொனாமா? அவன் தலைமை ஆசிரியரின் மனைவி. வேலை வாங்கிக் கொடுத்த நன்றியாம்.

எனக்கு வேண்டியது சார்போமா. என் அத்தையின் பெயர். அப்பா லிபியாவுக்குப் போனவர் போனவர்தான். கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து என்னை வளர்த்து, மருந்துப் படிப்பும் படிக்க வைத்தது அத்தை. அவள் பெயரை என் மகளுக்கு வைக்காமல் வேறு யாருடையதை வைப்பேன்?

ஆனால் ஓபிரிக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தாலே முகம் சுருங்கும். பெண் கேட்டு வந்த அன்று, கொண்டுவந்த மதுப்புட்டி மட்டமானது என்று அத்தை அவன் மாமன்மாரை வெயிலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லார் முன்னாலும் "சாக்பீஸ் பிடிக்கிற கை என் பொண்ணுக்கு எப்படிச் சோறு போடும்?" என்றும் கேட்டாள். அதை அவன் மறக்கவில்லை. கேட்டது தப்புதான். நானே சொல்கிறேன்.

"அந்தப் பேரு வச்சா அந்த வாயும் சேர்ந்து வரும். என் வீட்ல வேணாம்" என்றான்.

"சரி, விளையாட்டுல உன்னை ஜெயிச்சா?"

சிரி சிரி என்று சிரித்தான். "படையெடுத்து வந்து என் தலைநகரைப் புடி. புடிச்சா நீ சொல்ற பேரு. பேரு வைக்கிற நாளுக்குள்ள புடிக்கணும்."

என் பிரசவ உதவிக்கு வந்து, முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவன் அக்கா போக்குவா அண்ணி குரல் கொடுத்தாள்: "நான் கேட்டுட்டேன்டா தம்பி. அப்புறம் மாத்திப் பேசாத."

மே 9, செவ்வாய்

ஒரே கணினி. அவன் ஆடும்போது நான் முற்றத்தில், நான் ஆடும்போது அவன் முற்றத்தில். எட்டிப் பார்க்காமலிருக்க அண்ணி காவல். அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் தனி ஆட்டம் ஆடி ஆடிப் பழகிக்கொண்டேன். அது அவனுக்குத் தெரியாது.

எங்கள் இருவரின் நாடுகளுக்கு நடுவில் யாருக்கும் சேராத சின்ன ஊர்கள் சில இருக்கின்றன. உப்பு விளைகிற ஒன்று, குதிரை வளர்க்கிற ஒன்று, தீவில் ஒன்று. அவற்றுக்குத் தூதர்களை அனுப்பலாம். ஓபிரி ஒருவரையும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான் பெரிய ராஜ்யம். அவங்க வந்து எனக்கு முதல்ல வணக்கம் சொல்லட்டும்" என்றான்.

அட மடையா. வாசலுக்கு வருகிறவர்தானே முதலில் வணக்கம் சொல்லவேண்டும். வழியில் போகிறவள் நான், வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். நான்தான் போய்ச் சொல்லவேண்டும். சொன்னேன். மூன்று ஊருக்கும் போய்ச் சொன்னேன்.

மே 13, சனி

இன்று தெரிந்துகொண்டது: ஒரு ஊரில் என் தூதர்கள் அதிகமாக இருந்தால், பொன் கொடுத்து அந்த ஊரின் படையை இரவல் வாங்கலாம். கொஞ்ச காலத்துக்கு மட்டும். காலம் முடிந்ததும் அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என்னிடம் சொந்தமாக இருப்பது இரண்டு வில்லாளிகளும் ஒரு நொண்டி ஈட்டிக்காரனும். ஓபிரியிடம் ஒரு காடு நிறையப் படை.

மே 17, புதன்

குழந்தை விலாவில் உதைக்கிறாள். எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது.

மே 20, சனி

தோற்றேன். தோற்றது என்றால் சாதாரணத் தோல்வியா – மானம் போன தோல்வி.

மூன்று ஊர்ப் படையையும் ஒரே நேரத்தில் இரவல் வாங்கி, ஓபிரியின் தலைநகர மதில் வரை கொண்டுபோய் நிறுத்தினேன். மதிலில் பாதி இடிந்துவிட்டது. இன்னும் இரண்டே முறை எனக்கு வாய்ப்பு வந்திருந்தால் போதும். திடீரென்று திரை முழுக்க வெறுமை. என் ஆட்கள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலம் முடிந்துவிட்டதாம். என் நொண்டி ஈட்டிக்காரன் மட்டும் மதில் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தான், பாவம்.

ஓபிரி தன் முறைக்கு உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"வாடகைக்கு எடுத்த கல்யாண நாற்காலி மாதிரி திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

ஐயோ, எனக்கு ஏன் இப்படி அழுகை வருது? ஒரு விளையாட்டுக்கா? இல்ல. அத்தை பேரு போச்சேன்னுதான்.

மே 21, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை, கோபம். அண்ணி எனக்குச் சோறும் காராமணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சுவிடாமல் தன் கதையைச் சொன்னாள். ஆஃபின்சோவில் அவளுடைய வீட்டுக்காரர் தோட்டத்தில் இந்த வாரம் களை எடுப்பு. நொபோவா முறைதான் – இன்று ஊர்க்காரர்கள் என் தோட்டத்தில், அடுத்து நான் அவர்கள் தோட்டத்தில்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டா மறுநாள் யாரு வருவா? அதான் முறை வச்சிருக்கோம்" என்றாள்.

சோறு வாயில் இருந்தது, அப்படியே நிறுத்திவிட்டேன். முறை. ஏன் மூன்று படையையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்? ஒருவர் போகும்போது இன்னொருவர் வரவேண்டாமா?

அண்ணியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். "காராமணி அவ்ளோ நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள்.

மே 26, வெள்ளி

ஆட்டம் இன்னும் முடியவில்லை, மறுபடி பொன் சேர்க்கிறேன். மதில் கட்டவில்லை, கோவில் கட்டவில்லை. சந்தை மட்டும்தான். அத்தை வளர்த்த பிள்ளை ஆயிற்றே.

இதற்கிடையில் ஓபிரி குதிரை ஊரைப் பிடிக்கப் படை அனுப்பினான். என் இரண்டு வில்லாளிகளையும் நொண்டியையும் அங்கே காவலுக்கு அனுப்பினேன். நொண்டி செத்தான். ஊர் பிழைத்தது. நாம் கேட்கும்போது மட்டும் அவர்கள் வரவேண்டும், அவர்கள் தோட்டத்துக்கு நாம் போகவேண்டாம் என்றால் அது என்ன நொபோவா?

ஜூன் 1, வியாழன்

உப்பு ஊர்க்காரர்கள் மதில் முன்னால் நிற்கிறார்கள். குதிரைகள் மலைக்குப் பின்னால். தீவுக்காரர்களை இன்னும் கூப்பிடவே இல்லை.

இடுப்பில் விட்டு விட்டு வலி. அண்ணி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். டாக்ஸி கூப்பிட ஓபிரி வெளியே ஓடினான், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

"ஆட்டத்தைச் சேமிச்சு வை" என்று கத்தினேன்.

"பிராகோ, பைத்தியமா உனக்கு?"

"வச்சுட்டு வா."

ஜூன் 3, சனி

பிறந்துவிட்டாள். நேற்று, வெள்ளிக்கிழமை காலையில். ஆக, அஃபுவா. தலை நிறைய முடி, கை நிறைய விரல். எனக்கு உடம்பெல்லாம் வலி, ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. நர்ஸ்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அந்த அளவுக்கு இளித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை நேரே சந்தையிலிருந்து வந்தாள், கருவாட்டு வாசனையோடு. பந்தயம் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஓபிரி எழுந்து வணக்கம் சொன்னான், அவள் பதில் சொன்னாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. வரும் வெள்ளி, எட்டாம் நாள், விடியலில் பெயர் வைக்கிறார்கள்.

"ஆட்டம் முடியலையே. அப்ப பந்தயம் இல்லன்னு ஆயிடுச்சு" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தான்.

"நாளு இன்னும் முடியல" என்றேன். "குழந்தைய வாங்கிக்கோ. என் முறை."

அவனுக்கு ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துணி. இப்படித்தான் இனி ஆடுகிறோம். யாருக்குப் பால் கொடுக்கும் நேரமோ அவருடைய எதிராளி காத்திருக்க வேண்டும் என்று புதுச் சட்டம். எதிராளி எப்போதும் அவன்தான்.

ஜூன் 8, வியாழன்

பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன்.

உப்பு ஊர்க்காரர்களின் காலம் எப்போது முடியும் என்று ஓபிரி காத்திருந்திருக்கிறான். சரியாக அவர்கள் கிளம்பிய உடனே, போன தடவை மாதிரி எல்லாம் காலி என்று நினைத்து, தன் மொத்தப் படையையும் கோட்டைக்கு வெளியே என் ஊர்ப் பக்கம் அனுப்பிவிட்டான். அப்போதுதான் மலைக்குப் பின்னாலிருந்து குதிரைகளை இறக்கினேன். அவன் படை திரும்புவதற்குள் தீவுக்காரர்களின் கவண்பொறிகள் ஆற்று வழியாக வந்து நின்றன. உள்ளே காவலுக்கு இருந்தது ஒரே ஒரு வில்லாளி. தலைநகரத்துக்குள் முதலில் நுழைந்தது குதிரை ஊர்க்காரன். அந்த நொண்டி இருந்து பார்த்திருக்கவேண்டும்.

ஓபிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இது செல்லாது" என்றான்.

"ஏன் செல்லாது?"

"ஒரு ஆளாவது உன் ஆளா? எல்லாம் இரவல். இரவல் படை ஜெயிச்சா அது உன் வெற்றியா?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி கரண்டியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"அப்பா ஆஃபின்சோல காட்டை வெட்டிக் கோகோ வச்சப்ப எத்தனை பேருடா வந்து வெட்டினாங்க?"

"அக்கா, அது வேற."

"என்ன வேற? அப்பா தனியாவா வெட்டினாரு? ஊரே வந்து வெட்டுச்சு. தோட்டம் யாருதுன்னு ஒருத்தனாவது கேட்டானா? அந்தக் கோகோலதான்டா நீ வாத்தியார் ஆன. அப்ப உன் படிப்பும் இரவலா?"

ஓபிரி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். திரும்பி வந்து நேரே படுத்துவிட்டான். நாளை சடங்கு நடத்தும் பெரியவர் காதில் பெயரைச் சொல்லப்போவது அவன்தான், நான் இல்லை. என்ன சொல்லுவான்?

கேட்கமாட்டேன். கேட்கவே மாட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

விடியும் முன்பே முற்றம் நிறைந்துவிட்டது. எல்லாரும் வெள்ளை உடை. ஓபிரியின் பெரிய மாமா, அன்று வெயிலில் நின்றவர்தான், குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். விரலைத் தண்ணீரில் தொட்டு அவள் நாக்கில் வைத்தார். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." அடுத்து மதுவில் தொட்டு வைத்தார். "மதுன்னா மதுன்னு சொல்லு." அவள் மூஞ்சியைச் சுளித்தாள். உண்மையை மாற்றிப் பேசாதவளாக வளரவேண்டும் என்பதற்காக.

பிறகு மாமா தலையைச் சாய்த்தார். ஓபிரி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான்.

"என்னது?" என்றார் மாமா. அவருக்குக் காது மந்தம்.

மறுபடி சொன்னான்.

"கேக்கல மருமவனே. கொனாமாவா?"

ஓபிரி நிமிர்ந்தான். முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் சொன்னான்: "சார்போமா. அஃபுவா சார்போமா."

அத்தை கடைசி வரிசையில், மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சந்தையையே வாயால் கட்டி ஆள்கிறவள். மேல்துணியின் முனையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன், சந்தோஷமாகத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓபிரி என் பக்கத்தில் வந்து நின்றான். "நாக்குல மதுவ வச்சு உண்மையப் பேசுன்னு சொல்றாங்க. புள்ள கேக்குறப்பவே நான் பேச்ச மாத்திப் பொய் சொல்றதா?" என்றான். அவனை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன், மாமன்மார் இருந்தார்கள்.

ஜூன் 24, சனி

ஒரு பெரியவரின் பெயரை வைத்த பிள்ளையை அந்தப் பெரியவரின் உறவுமுறை சொல்லித்தான் அழைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம், மரியாதையும் குறையக்கூடாது. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறாள், ஓபிரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்கிறது.

"அத்தை, நான் என்ன தப்புப் பண்ணேன்? சொல்லுங்க அத்தை. சரி, தப்பு என்னுதுதான். கொஞ்சம் தூங்குங்க, அத்தை."