படங்குக்கு மேல் அளந்த இடுப்பு

மே 14, 2007. திங்கள்.

விடாத மழை. அட்டன் ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு, எனக்கு இல்லை. தேயிலைத் தோட்டங்களில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பு முழுவதையும் டைப் அடித்தது நான்: வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு. அதிலிருந்து மெஷின் தானே கற்றுக்கொண்டு, யாருக்கு உடல் பருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும். இன்று சொல்லிவிட்டது. எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதிப்பேருக்கு ஆபத்தாம். ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும் தின்றே.

சிரித்துவிட்டேன். கணக்கெடுப்பை நடத்தும் டாக்டர் சேர் முறைத்தார்.

மே 16. புதன்.

சோப், டோர்ச் பற்றரி வாங்க வேண்டும்.

சரோஜா அண்ணிக்கு ஆறு மாதம். தோட்டத்துக் கிளினிக்கில் சத்துமாவு கொடுக்கவில்லை. மெஷின் சொன்னவர்களுக்கெல்லாம் நிறுத்தமாம், கொழுந்து பறிக்கும் அண்ணி பெயரும் அதில். சோற்றையும் குறைக்கச் சொன்னாராம் மிட்வைஃப் மிஸ். போன பிள்ளை எடை போதாமல் பிறந்து, செத்தது. அது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை. நான் டைப் அடிக்கவும் இல்லை.

அண்ணி கிண்டல் பண்ணுகிறாள். "குண்டாகப் போறேனாம் புள்ள. லயத்து வீட்டுக் கதவ அகலமா வெட்டச் சொல்லு ஒங்க அண்ணன."

மே 17. வியாழன்.

எப்படி அளந்தார்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். மலையில் வைத்தே. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை அவிழ்க்கக் கங்காணி விடவில்லை, பறிப்பு கெட்டுவிடுமாம். அளக்க வந்த கேம்பஸ் பையன்கள் அதற்கு மேலேயே டேப்பைச் சுற்றினார்கள். உள்ளே மடித்த கம்பளி வேறு. எடையும் அப்படியே, மழையில் ஊறிய சாக்கோடு. மெஷின் கற்றது சாக்கின் பருமனை!

டாக்டர் சேரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயராது. "பிள்ளை, ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயிட்டுது. இனி ஒண்டும் செய்யேலாது. வாற வருசம் திருத்துவம்."

அண்ணிக்கு ஆவணியில் பிரசவம்.

மே 19. சனி.

மழை இல்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு கிளினிக் போனேன். படங்கில்லாமல், வெறும் சேலையோடு தராசில் ஏற்றினேன். முள்ளை மிஸ் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, மேலிடத்து உத்தரவு என்றார்.

அலமாரி திறந்துதான் இருந்தது. இரண்டு சத்துமாவுப் பாக்கெட் எடுத்துக்கொண்டு நடந்தேன். மிஸ் பெயரைக் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வாசலில் அண்ணி கையைப் பிடித்தாள். "வேல போயிரும். வச்சிட்டு வா."

வைக்கவில்லை.