கோடவுனில் கடற்பேனா

1938 ஏப்ரல் 11, திங்கள். அல்லிநகரம்.

காற்றே இல்லை. பத்து மணிக்கே தரை சுடுகிறது. ஸ்டேஷனில் பார்சல் எடுத்தேன். தூத்துக்குடி நண்பன் ஆறு கடற்பேனா, இறகு வடிவக் கடல்பிராணி, அனுப்பியிருந்தான். வழியிலேயே மூன்று செத்துவிட்டன. மிச்சம் மூன்று. கடல்நீர் இரண்டு ஜாடி.

மச்சானின் பஞ்சு கோடவுனில் ஒரு மூலை எனக்கு. அக்கா கேட்டு வாங்கித் தந்தது. மச்சான் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "கோழி இறகு மாதிரில்ல இருக்கு. செடியா, பூச்சியா?" உயிர்தான் என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

மே மாதத்துக்குள் கல்லூரிப் பேராசிரியருக்குச் சோதனை முடிவு போக வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சி இடம் வேறொருவனுக்கு. எனக்குப் பழையபடி பள்ளிக்கூடம், கணக்கு நோட்டுத் திருத்தல்.

12, செவ்வாய்.

ஜன்னலுக்கெல்லாம் சாக்கு. கதவிடுக்கில் கம்பளி. இரவில் செய்ய வழியில்லை, கோடவுன் சாவி மச்சான் இடுப்பில்.

இருட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கண்ணாடிக் குச்சியால் அடித்தண்டைத் தொட்டேன். பச்சையும் நீலமுமாக ஒளி கிளம்பி நுனிவரை ஓடியது. தொட்டது ஓரிடம், எரிந்தது உடம்பு முழுக்க. அப்படியானால் நரம்பு செய்தி கொண்டுபோகிறது. நரம்பின் முனையில் ஏதோ ஒரு ரசாயனம் சுரந்து விளக்கை ஏற்றுகிறதா? நான் கேட்பது இவ்வளவுதான். தொடாமலே, நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலினைச் சொட்டிப் பார்க்க வேண்டும்.

பஜார் டாக்டர் அட்ரினலின் மூன்று குப்பி தந்தார். இழுப்பு நோயாளிகளுக்கு வைத்திருப்பது. "மதுரையிலேர்ந்து பார்சல் வருது தம்பி, எடுத்துக்கங்க." தங்கமான மனிதர்.

மூட்டைக்காரர்கள் இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் இந்தப் பிராணி எரியாது. இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பம்.

13, புதன். வருடப்பிறப்பு.

வேப்பம்பூப் பச்சடி. அதன்பின் கோடவுன்.

முதல் குப்பி. உடைத்து ஒரு சொட்டு விட்டேன். எரிந்தது! தொடவே இல்லை, எரிந்தது! தனியாகச் சிரித்தேன். அக்காவைக் கூப்பிட வாசல்வரை போய்விட்டு, சந்தேகம் வந்து திரும்பினேன். இன்னொன்றின்மேல் வெறும் குடிதண்ணீர் ஒரு சொட்டு. அதுவும் எரிந்தது. இன்னும் பளிச்சென்று.

நல்ல தண்ணீர் பட்ட அதிர்ச்சியில்தான் எரிகிறது. குப்பி மருந்தும் நல்ல தண்ணீரில் கரைத்ததுதானே. கல்லூரி முதல் வருடத்துப் பையனுக்குத் தெரியும் இது. ஒரு குப்பி வீண்.

14, வியாழன்.

இரண்டாம் குப்பி. இம்முறை கடல்நீரில் கலந்து. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மருந்து குறைவா? போதிய இருட்டு இல்லையா? பிராணிகள் சோர்ந்துவிட்டனவா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு விரியத் திறந்தது. மச்சான், கூட ஒரு வியாபாரி.

கத்திவிட்டேன்.

"ஒன் பூச்சிக்காக எம் யாவாரத்த நிறுத்தணுமோ?" வியாபாரி முன்னாலேயே கேட்டார். பேசும்போது நெஞ்சில் விசில் சத்தம். கேட்டது. பொருட்படுத்தவில்லை.

மாலையில் சின்னது செத்தது. உயிர் இரண்டு, குப்பி ஒன்று.

15, வெள்ளி.

காலை ஏழரை. மச்சானுக்கு இழுப்பு. இதுவரை இப்படி வந்ததில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். வார்த்தை வரவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மதுரைப் பார்சல் இன்னும் வரல. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. நான் குடுத்ததுல மிச்சம் இருக்கா தம்பி?"

என் சட்டைப் பையில்தான் இருந்தது. உடனே எடுக்கவில்லை. இங்கு பொய் எழுத முடியாது. சட்டென்று கை போகவில்லை. ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சு மச்சானுக்குக் கிடைக்காத மூச்சு.

எடுத்துக் கொடுத்தேன். பாதி மருந்து போதுமென்று தோலுக்கடியில் போட்டார். பத்து நிமிடத்தில் மச்சானுக்கு இழுப்பு தணிந்தது. விரல்கள் நடுங்கின. "நெஞ்சு படபடங்குது" என்றார். மருந்தின் வேலைதான், பயம் வேண்டாம் என்றார் டாக்டர்.

அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"அவுக மூச்சுக்குத் தவிக்கயில நீ சட்டைப் பையத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்ன. நான் பாத்தேன்."



16, சனி.

அக்கா பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

குப்பியில் மிஞ்சிய பாதி இளஞ்சிவப்பாகிவிட்டது. காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது. நேற்றே கடல்நீரில் கலந்து சொட்டியிருக்கலாம். கோடவுன் பக்கமே போகத் தோன்றவில்லை. இன்று போனால் இன்னொன்று செத்துக் கிடக்கிறது. உயிர் ஒன்று. ஜாடி நீரில் நாற்றம்.

மாலை, மச்சான் படுத்தபடியே கூப்பிட்டார். திட்டத்தான் என்று போனேன்.

"எனக்குப் போட்ட மருந்தத்தான் அதுக்கும் போட்டியாமே. டாக்டர் சொன்னாக."

"ஆமா மச்சான்."

"அதுக்கும் நெஞ்சு படபடங்குமோ?"

அதற்கு நெஞ்சே கிடையாது என்றேன். நமக்குள் ஓடும் மருந்து போல ஒன்று அதற்குள்ளும் ஓடுகிறதா, அதுதான் விளக்கை ஏற்றுகிறதா, அதைத்தான் தேடுகிறேன் என்றேன்.

"கண்டுட்டியா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "பெறகு என்னத்துக்கு அம்புட்டுக் கத்து கத்துன?" சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. மூன்று வருடம் பேராசிரியரிடம் இருந்தேன். இப்படி நேராக யாரும் கேட்டதில்லை.

17, ஞாயிறு.

விடிந்ததும் பார்த்தேன். கடைசியும் போய்விட்டது. தொட்டேன், ஒளி இல்லை. பத்து மணிக்கு மதுரைப் பார்சல் வந்ததாக டாக்டர் ஆள் அனுப்பினார். ஒன்றாவது உயிரோடிருந்த நேற்றே வந்திருக்கக் கூடாதா.

பேராசிரியருக்குக் கடிதம். முதலில் "சாதகமான அறிகுறிகள்" என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். இரண்டாவது: "முடிவு இல்லை. என் சோதனையில் பிழை. பிராணிகள் இறந்துவிட்டன." தபாலில் போட்டாயிற்று. இடம் போனதுதான்.

வரும் வழியில் டாக்டரிடம் கேட்டு ஒரு குப்பி வாங்கினேன். அக்காவிடம் நீட்டினேன். வீட்டில் இருக்கட்டும், மச்சானுக்கு என்றேன். வாங்கி அலமாரி மேல்தட்டில் வைத்தாள். திரும்பி நின்றபடியே,

"அதுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"செத்துப் போச்சுக்கா. காலையில."

அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"அந்தத் தண்ணிய எங்கன ஊத்தப் போற? முருங்கை மூட்டுல ஊத்திராதடா. உப்பு. மரம் பட்டுப் போகும்."