செவ்வாய்க்கிழமை வாதம் மறுபடி தொடங்கிவிட்டது

பாசத்துக்கும் பிடிவாதத்துக்கும் உரிய அந்தோணி அண்ணே,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. தல்லாகுளத்தில் உங்கள் வீட்டு மாடியில் செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் இன்னும் நடக்கிறது. உங்களைப் போன்ற கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார், என்னைப் போன்ற பெந்தெகொஸ்தேக்காரர் என்று எல்லாரும் வருகிறார்கள். இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்காருகிறோம்.

நம் வழக்கம் மறந்திருக்காது உங்களுக்கு. முதலில் அரைமணி நேரம் வாதம், பிறகுதான் ஜெபம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, மாதாவிடம் மன்றாடலாமா, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசினால் அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாமா என்று முட்டிக்கொள்வோம். இருபது வருடத்தில் ஒரு விஷயத்திலும் நான் இறங்கி வந்ததில்லை. நீங்கள் மட்டும் என்னவாம்?

உங்களுக்குப் பின் கூட்டத்தை நடத்த வந்த தம்பி அந்த அரைமணியை நிறுத்திவிட்டார். "உபதேசம் பேசுனா ஐக்கியம் கெட்டுரும் ஐயா. பாடுவோம், துதிப்போம், போவோம்" என்றார். கிதார் நன்றாகவே வாசிக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்று, பூச்சந்தையில் எடை போட்டுக்கொண்டே வேதம் படித்த என் பேச்சை யார் கேட்பார்? ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் அதையே அற்புதம் என்றார்கள்.

போன மாதம் அதே தம்பி, முழு விசுவாசம் இருந்தால் எந்த நோயும் ஆளைக் கொண்டுபோகாது என்று பிரசங்கம் செய்தார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். மூன்று வருடம் உங்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்த பிலோமினா மதினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நடுவிலேயே எழுந்துவிட்டேன். அது பொய் என்றேன். அப்போஸ்தலர்களும் நோயில் விழுந்தார்களே, அவர்களுக்கும் விசுவாசம் குறைவா என்று கேட்டேன்.

மன்னிப்புக் கேட்டால்தான் இனிமேல் வரலாம் என்றார்கள். மன்னிப்பா, நானா? வேதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே வந்த மதினி படியில் மறித்துக்கொண்டார்.

"எங்க போறீக? அவரு விசுவாசத்தோடதான் ஊசி போட்டுக்கிட்டாரு, விசுவாசத்தோடதான் கண்ணை மூடுனாரு. இது என் வீடு. அடுத்த செவ்வாய் ஆறரைக்கு டீ வைப்பேன். வந்து சண்டை போடுங்க. அந்தத் தம்பியும் வரட்டும்."

வந்தார், அண்ணே. முகம் சுண்டிப்போய்த்தான் வந்தார். வேதத்தை விரித்துவைத்து அரைமணி மோதினோம். நோயைப் பற்றித் தான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னும் ஒத்துக்கொண்டு, மதினியிடம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்நிய பாஷை விஷயத்தில் அவர் என்னை மடக்கிவிட்டாராம், மதினியின் தீர்ப்பு. நான் ஏற்கவில்லை. பிறகு எனக்காக அவர் ஜெபித்தார். என் பிடிவாதத்தையும் குறிப்பிட்டு, கொஞ்சம் நீளமாகவே ஜெபித்தார். நானே சிரித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். மாதா விஷயம், ஞானஸ்நான விஷயம் எல்லாம் இப்போது உங்களுக்கு நேராகவே தெரிந்திருக்குமே. நம்மில் யார் சொன்னது சரி? வேண்டாம், சொல்லாதீர்கள். வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை ஒரு செவ்வாயும் தவறமாட்டேன். பொய்யை யார் சொன்னாலும் எழுந்து நிற்பேன். எழுந்து போகமாட்டேன்.

இன்னும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் உடன்பிறவாத் தம்பி
சாமுவேல்