நான் தனியே பார்த்த குதிரை

இன்று காலை உங்கள் பழைய சேட்டு ஒன்றை எடுத்து உதறியபோது குதிரை வியர்வை மணம் எழும்பியது. எத்தனையோ முறை தோய்த்தும் போகாத மணம். அதை அலுமாரிக்குள் திரும்ப வைத்துவிட்டு, குதிரை பார்க்கக் கிண்ணியாவுக்குத் தனியே வெளிக்கிட்டேன்.

நம்முடைய குதிரை வெள்ளைக்கு வயதாகிவிட்டது. நிலாவெளிக் கடற்கரையில் சவாரிக்கு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. "அப்பாவும் இல்லை, இனிக் குதிரையளை விட்டுட்டு இஞ்ச வந்து எங்களோட இருங்கோ அம்மா" என்று மகள் கொழும்பிலிருந்து சொல்கிறாள். எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளையை வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? விற்றவர் மணலில் ஓடவிட்டுக் காட்டினார். "மணல் எல்லாப் பிழையையும் மூடிப்போடும். தார் ரோட்டுக்கு வாங்கோ" என்று நீங்களே கயிற்றைப் பிடித்து நடத்தினீர்கள். நான் முன்னாலும் பின்னாலும் நின்று கால்களைப் பார்த்தேன். முதுகு நீளம் என்று முகம் சுளித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"நீளம்தான். சின்னப் பிள்ளையளின்ர பாரத்தை அது தாங்கும். கால் பிழைச்சால்தான் ஒண்டும் செய்ய ஏலாது."

வீடு வரும்வரை அந்த முதுகைப் பற்றியே சண்டை பிடித்தோம்.

கிண்ணியா வியாபாரி முதலில் காட்டிய செம்பழுப்புக் குதிரை நல்ல அழகு. பளபளக்கும் தோல், நிமிர்ந்த கழுத்து. ரோட்டில் நடத்தச் சொன்னேன். "கயிற்றை இழுத்துப் பிடியாதேங்கோ தம்பி, தளர விடுங்கோ." என்னை நோக்கி வந்தபோது தெரிந்துவிட்டது. வலது முன்னங்காலின் குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் காலைத் தூக்கும்போதெல்லாம் அது உள்ளே சுழன்று மற்றக் காலை உரசியது. உரசிய இடத்தில் மயிர் தேய்ந்திருந்தது.

"பார்த்தீங்களோ?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டேன்.

பக்கத்தில் யாரும் இல்லை.

"என்னம்மா கேட்டீங்க?" என்றார் வியாபாரி.

"ஒண்டுமில்லைத் தம்பி. இது வேண்டாம். ஓடேக்க கால் தட்டி விழுந்தால் மேல இருக்கிற பிள்ளையின்ர கதி என்ன?"

அவர் கோபிக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த இன்னொன்றை அவிழ்த்து வந்தார். சாம்பல் நிறத்தில் ஓர் இளம் பெண் குதிரை. பெரிய தலை, தடித்த கழுத்து. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான்கு கால்களும் நேராகப் போயின, நேராக வந்தன.

குறை கண்டுபிடிப்பது எனக்கு எப்போதும் சுலபம். எந்தக் குறையோடு காலம் தள்ளலாம் என்று முடிவு சொன்னது நீங்கள்தான். அந்த வேலையும் இப்போது என் தலையில். வெகுநேரம் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு, "ஓம், இதை எடுக்கிறன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

மாலையில் லொறியிலிருந்து இறக்கித் தண்ணீர் வைத்தேன். வாளி காலியாகும்வரை குடித்தது.

"தலைதான் கொஞ்சம் பெரிசு" என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிர்த்துக் கதைக்க ஆளில்லை.