மாடியில் எடுத்த படம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
28 டிசம்பர் 1940.

அன்புள்ள கணவர் மெஹபூப் அலி அவர்களுக்கு,

சகினா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பும் சுகமாக இருக்க துவா செய்கிறேன். அதற்குமேல் இதமாக எழுத என்னால் முடியாது. கோபமாகத்தான் எழுதப் போகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படியுங்கள்.

நீங்கள் பம்பாயிலிருந்து போட்ட கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைப் பக்கமும் போன வாரம் வந்தன. கண்காட்சியில் உங்கள் படத்துக்கு மெடல் கிடைத்ததாம். பத்திரிகைக்காரர்கள் இன்னும் பன்னிரண்டு படம் கேட்கிறார்களாம். இந்த வருஷத்துக் கண்ணாடி பிளேட்டுகளில் நல்லதாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, வைக்கோல் வைத்துக் கட்டி, ரயில் பார்சலில் நான் அனுப்ப வேண்டுமாம். 'என் படம்' என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா?

அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். அதில், நான் படம் எடுக்கப் போய்வந்த வீட்டுக் கமர் ஜஹான் இருந்தாள். ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். கீழே உங்கள் பெயர். போதாததற்கு மயிலாப்பூர், மதராஸ் என்று விலாசம் வேறு.

பிற ஆண்கள் கண்ணில் பெண்கள் படாத கோஷா வீடுகளுக்கு நான் எப்படிப் போய்வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததா? கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே. நான் ஜட்கா வண்டியில் போய் இறங்கினால் அந்த வீட்டு ஆண்கள் வெளியே கிளம்பிவிடுவார்கள். பிரிண்டைக் கொடுக்கும் அன்றே, அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே, பிளேட்டை முற்றத்தில் போட்டு உடைத்துவிட்டு வருவேன். கண்ணாடி உடைகிற அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. அதற்காகத்தான் எனக்குக் கதவைத் திறந்தார்கள்.

கமருடைய அந்த ஒரு பிளேட்டை மட்டும் நான் உடைக்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மார்ச் மாத வெயிலில், அவள் வீட்டு மாடியில் எடுத்தது. பிளேட்டை மாட்டிவிட்டு, படம் பதிய அழுத்துகிற ரப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தவள், காயப்போட்டிருந்த வடகத்தை மிதித்து வழுக்கினேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். என் கை தானாகவே பந்தை அழுத்திவிட்டது. பிறகு நான் உடைக்கப் போனபோது கமர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்த மட்டும் வேணாம் ஆபா, நீயே வச்சிக்கோ. எனக்குப் பல்லு போனப்புறம் எடுத்துக் காட்டு, ரெண்டு பேரும் சிரிக்கலாம்" என்று கூடப்பிறந்த அக்காவிடம் கேட்பதுபோலக் கேட்டாள். என் நிக்காஹ் புடவைக்கு அடியில் வைத்தேன். அங்கிருந்து எப்போது எடுத்தீர்கள்? பம்பாய்க்குப் பெட்டி கட்டிய அன்றா? வழிக்குச் சாப்பிட நான் உங்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேனே, அப்போதா?

பம்பாயில் அவளை யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். அவள் புருஷன் அக்பர் பாஷாவின் தோல் வியாபாரமே பம்பாயோடுதான். உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே அந்தப் பத்திரிகை அவருடைய மண்டிக்கு வந்துவிட்டது. பத்து நாளாகக் கமர் தேனாம்பேட்டையில் அவள் அம்மா ஹாஜிரா பீ வீட்டில் கிடக்கிறாள். மூன்று வயதுக் குழந்தையை அவர் அவளோடு அனுப்பவில்லை. நீங்கள் மெடல் குத்திக்கொண்டு நிற்கிறீர்கள், இங்கே ஒருத்தி குழந்தையைப் பார்க்காமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

நான் அக்பர் பாஷா வீட்டுக்குப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அதை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, மெடல் குடுத்துக்கிறான். பொம்பளை எடுத்த படத்துக்கா குடுப்பான்? உன் வூட்டுக்காரன் எப்ப எங்க மாடி ஏறினான், அத்த மட்டும் சொல்லு." படம் நன்றாக இருப்பதால் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். இப்படி ஒரு அநியாயம் எங்காவது உண்டா?

அங்கிருந்து தேனாம்பேட்டைக்கும் போனேன். ஹாஜிரா பீ என்னை உட்காரச் சொல்லவில்லை. கமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பிளேட்டு எங்க ஆபா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அது உங்களிடம் அல்லவா இருக்கிறது!

வீட்டுக்கு வந்து பத்திரிகைப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தின் கீழ்ப்பாகம் எங்கே? அன்று வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. கேமரா முக்காலியின் நிழலும், வழுக்கியதில் முந்தானை பறக்க நிற்கிற என் நிழலும் தரையில் அவள் கால்வரை விழுந்திருந்தன. நிழல் விழாமல் நிற்கத் தெரியாதவள் என்று என்னை நீங்கள் எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள்! அதை நறுக்கிவிட்டுத்தான் கண்காட்சிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் எடுத்திருந்தால் அங்கே தொப்பியும் லுங்கியுமாக அல்லவா நிழல் விழுந்திருக்கும்? முழுப் படத்தையும் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும், எடுத்தது பெண் என்று.

நீங்கள் கேட்டபடி உட்கார்ந்து பொறுக்கவும் செய்தேன். ஆனால் உங்களுக்காக இல்லை, எனக்காக. முதலில் எடுத்து வைத்தது நொச்சிக்குப்பத்துக் கோவிந்தம்மா. பட்டாளத்தில் இருக்கிற மகனுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தவள், மீன் கூடையைக் கீழே வைக்க மாட்டேன் என்றாளே, நினைவிருக்கிறதா? "கூடை இல்லாங்காட்டி எம் புள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்றாள். கூடை பாதி உடம்பை மறைக்கிறது, வீண் பிளேட் என்றீர்கள். ஒரு பெண் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கே தெரியாதா? அதை நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

மழை நாளில் எடுத்த தெப்பக்குளம் ஒன்று. மற்றபடி பெட்டியில் அதிகம் இல்லை. இந்த வருஷம் நான் மனசு வைத்து எடுத்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு முற்றங்களில் தூளாகிவிட்டது. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த பிளேட்டை ஓரம் நறுக்காமல் முழுசாகப் பிரிண்ட் போடுங்கள். எடுத்தது என் மனைவி சகினா, நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்று உங்கள் கையால் எழுதி, பிரிண்டோடு சேர்த்து அக்பர் பாஷாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பத்திரிகைக்கும் அதையே எழுதுங்கள். மெடலைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு பிளேட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். கமர் எதிரில் நான் அதை உடைக்க வேண்டும். அதுவரைக்கும் இந்த வீட்டில் கேமராவை வெளியே எடுக்க மாட்டேன்.

பன்னிரண்டு கேட்டீர்கள். ஒன்றே ஒன்றுதான் இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரியில், பக்ரீத் அன்று, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நம் கொல்லையில் நின்றீர்களே, அது. அதிலும் என் நிழல் விழுந்திருக்கிறது. உங்கள் சட்டைமேலேயே விழுந்திருக்கிறது. அதை வெட்டிவிடலாம் என்று நான் கத்திரிக்கோலை எடுத்தபோது தடுத்தது நீங்கள். "வுடு சகினா, என் மேலதானே வுழுது, இருந்துட்டுப் போவட்டும்" என்றீர்கள். அப்படிச் சொன்ன மனுஷருக்குத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அல்லா அவரை எனக்குத் திருப்பி அனுப்பட்டும்.

இந்தப் படத்தை நான் வெட்டாமல் அனுப்பியிருக்கிறேன். அந்த மாடிப் படத்தையும் வெட்டாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சகினா