பதினோரு நாளாக நக்கல் இல்லை

மாண்புமிகு அப்பா அவர்களுக்கு,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. டாக்டர் உத்தரவுப்படி உப்பு இல்லை. உப்பு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டேன், தேடி அலைய வேண்டாம். பத்தரைக்கு உங்களை நடக்கவைக்க பிசியோதெரபிப் பெண் வருவாள். அவளிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். மணி அடித்ததும் வீரம் பொங்கி எழுந்து ஓட வேண்டாம்.

இதய ஆபரேஷனுக்கு முதல் நாள் நான் கத்தினேனே, "எப்பப் பாத்தாலும் நக்கல்தானா? ஒரு நாளாவது ஒழுங்கா பேசுங்கப்பா!" என்று. அன்றிலிருந்து பதினோரு நாளாக ஒழுங்காகவே பேசுகிறீர்கள். நேற்று இதே உப்பில்லாத சூப்பைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா, உனக்குத்தான் சிரமம்" என்றீர்கள். காய்ச்சலோ என்று உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

முதன்முதலாகக் காரை எடுத்து நம் வீட்டு கேட்டிலேயே இடித்துவிட்டு நான் அழுதபோது, எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அழுகை கூடியதுதான் மிச்சம். நீங்கள் மட்டும், "கேட்டு திடீர்னு குறுக்க வந்துடுச்சாம்மா?" என்று கேட்டீர்கள். சிரித்துவிட்டேன். அந்த வாயைத்தான் நான் அடைத்துவிட்டேன். கத்தியது தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சமையல்காரி

பி.கு.: நீல மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு.

இன்னொன்று: பேனாவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இந்தச் சீட்டின் பின்பக்கத்தில் சூப்பைப் பற்றி ஒரு வரி எழுதிவையுங்கள். 'நன்றாக இருந்தது' என்று எழுதியிருந்தால் நேராக டாக்டருக்குத்தான் போன் போடுவேன்.