பந்து உன் மட்டையில் பட்ட சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் காதுகள் எங்கள் இருவரையும்விட நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லீவில் வந்தாய், லீக் இறுதி ஆட்டத்தில் ஆடினாய், கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாய். மகன் ஆடுற மேட்சுக்கு அம்பயரா நிக்காதீங்க என்று உன் அம்மா அன்று காலையே சொன்னாள். வேறு ஆள் இல்லை என்று நான்தான் போய் நின்றேன். நீ அங்கே இறங்கியதும் முதல் வேலையாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அப்பா டமாரச் செவிடு, அதான் நான் அவுட்டாகாம தப்பிச்சேன் என்று எழுதினாய். அந்தக் குழுவில் நம் மாப்பிள்ளையும் இருக்கிறார், அன்று எதிரணிக்குக் கீப்பராக நின்று உன் கேட்சைப் பிடித்தவரும் அவரேதான் என்பது உனக்கு மறந்துவிட்டது. அவர் அதை அப்படியே லீக் செயலாளருக்கு அனுப்பிவிட்டார். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, இருபத்திரண்டு வருஷமா நிக்கிறீங்க சார், ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடுங்களேன் என்று சாவு வீட்டுக் குரலில் சொன்னார். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் இனி எனக்கு அம்பயர் போடும் வெள்ளைக் கோட்டு இல்லையாம்.

பன்னிரண்டு வருஷம் ஆடியவனுக்கு அரிச்சுவடி சொல்ல வேண்டியிருக்கிறது. பந்து என்பது உள்ளே தக்கை, மேலே தோல், நடுவில் தையல், எடை சுமார் நூற்றறுபது கிராம். அது மட்டை ஓரத்தை உரசினால் டக் என்று கேட்கும், கால் பேடில் பட்டால் தொப் என்று கேட்கும். மட்டையைப் பிடித்திருக்கும் கிளவுஸும் மட்டையாகவே கணக்கு. பட்ட பந்தைத் தரையில் விழுமுன் பிடித்தால் அவுட். அவுட்டா என்று எதிரணி கேட்காமல் அம்பயர் விரலைத் தூக்கக் கூடாது. அன்று பதினோரு பேரும் கேட்டார்கள், மைதானத்தை ஒட்டிய சலூன்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்து கேட்டார். அவுட் என்று தெரிந்தவன் யாரும் சொல்லாமலே நடையைக் கட்ட வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் இல்லை. எழுதியவர்களுக்கு உன்னைத் தெரியாது.

நேற்று காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, எறும்பு தும்முகிற அளவுக்கெல்லாம் சத்தம் வைத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். ஒன்று விடாமல் தூக்கினேன். இந்த வயசுல இப்படி ஒரு காதா சார் என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். காது கெட்டிருந்தால் நான் வெறும் கிழவன். நன்றாக இருப்பதால் திருடன். எனக்கு டக் கேட்டது. நீயே போய்விடுவாய் என்று காத்திருந்தேன். நீ கிளவுஸைச் சரிசெய்தாய், மேகம் பார்த்தாய். நீ போகப்போவதில்லை என்று எனக்கு உறைக்கும்போது பவுலர் முனகிக்கொண்டே அடுத்த பந்துக்குத் திரும்பிவிட்டார். நாலு ரன்னில் போக வேண்டியவன் அறுபத்தொன்று அடித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. சான்றிதழுக்குக் கீழே, சத்தம் கேட்டது, அவுட்தான், நான் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கோட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வருவேன். மாப்பிள்ளையிடம் நீயே பேசு. உன் அக்கா நம்மோடு பேசிப் பத்து நாளாகிறது. வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாக இரு. எரிச்சலோடுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்துதான். பதில் எழுத மறக்காதே, ஒரு வரி போதும். மேகம் பார்க்கும் முன் நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். எனக்குக் கேட்டுவிட்டது என்று அப்போதே உனக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
உன் அப்பா